ஈயம் ஊற்றிய கல்

எங்கள் ஊர் கவாக்லியிலிருந்து கிளம்பும் எந்த வண்டியிலும் ரிஃப்கியால் எண்ணெய் ஆலை மேட்டைத் தாண்ட முடியாது. வண்டி தாண்டிவிடும், அவன் தாண்ட மாட்டான். மேட்டின் உச்சியிலிருந்து சாலை மறுபக்கம் இறங்கும் இடத்தில் நாரைப் பள்ளிவாசலின் மினாரா கோபுரம் கண்ணிலிருந்து மறைகிறது. அந்த நொடியில் அவனுடைய இருக்கை முன்னால் போய்விடும், அவன் உட்கார்ந்த வாக்கில் காற்றில் நின்றுவிடுவான். பின்வரிசைக்காரர்களுக்குள் புகுந்து, பின்கண்ணாடியில் கீறல்கூட விழாமல் வெளியே வந்து, சாலையில் கால் ஊன்றுவான். அவன் ஊடுருவிப் போனவர்கள் லேசாகக் குளிர்ந்தது என்பார்கள், அதற்குமேல் ஒன்றும் இல்லை. எங்கள் பேருந்துகளில் ஊர் எல்லை கடந்த பிறகுதான் பயணிகளின் உள்ளங்கையில் எலுமிச்சை வாசனைத் தண்ணீர் தெளிப்பது வழக்கம். ரிஃப்கி ஏறியிருந்தால் மட்டும், அவனுக்கும் கிடைக்கட்டும் என்று நடத்துனர்கள் மேடு வருவதற்கு முன்பே தெளித்துவிடுவார்கள்.

இதற்கெல்லாம் காரணம் அவனுடைய தொப்புள்கொடி. எங்கள் பக்கத்தில் குழந்தையின் கொடி காய்ந்து விழுந்ததும் அதை எங்கே வைக்கிறோமோ அந்த வழியில் பிள்ளை போகும் என்று நம்பிக்கை. பள்ளிக்கூடத்து மண்ணில் புதைத்தால் படிப்பாளி, தொழுவத்தில் புதைத்தால் நல்ல விவசாயி, பள்ளிவாசல் தோட்டத்தில் புதைத்தால் தொழுகையாளி. நாரைப் பள்ளியின் ரோஜாச் செடிகளுக்கு அடியில் ஊரில் பாதிப் பேரின் கொடி கிடக்கிறது. அவர்களில் இரண்டு பேர் மாடு திருடி உள்ளே போனார்கள், ஒருவன் நோன்பு மாதத்தில் சாராயம் காய்ச்சிப் பிடிபட்டான். ஆனாலும் வழக்கத்தை யாரும் விடவில்லை, இன்றைக்கும் மருத்துவமனையிலிருந்து நேராகத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ரிஃப்கியின் தாய் முஸெய்யன் தோட்டத்துக்குப் போகவில்லை. அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேரும் ரயிலேறி ஜெர்மனிக்குப் போனவர்கள், போனவர்கள் போனவர்கள்தான். அவள் பிள்ளை உண்டாகியிருந்தபோது கணவனும் போனான். முதல் குளிர்காலத்தில் சாக்லேட் வந்தது, அடுத்த குளிர்காலத்தில் யாரோ ஒரு பெண்ணோடு அவன் காருக்குப் பக்கத்தில் நிற்கும் படத்தை அவனுடைய தங்கையே கொண்டுவந்து காட்டினாள், அதற்குப் பிறகு அவன் பெயரை வீட்டில் சொல்லவில்லை. அந்த வருடம் நாரைப் பள்ளியின் மினாராவில் இடி விழுந்து, அடிப்பகுதியில் ஒரு கல் பிளந்திருந்தது. சுல்தான்கள் காலத்துக் கட்டடத்தில் சிமெண்டு கிடையாது. கல்லையும் கல்லையும் இரும்புக் கொக்கியால் பிணைத்து, கொக்கியின் குழிக்குள் உருக்கிய ஈயத்தை ஊற்றிவிடுவார்கள், நானூறு வருடத்துக்கு அசையாது. கொத்தனார்கள் புதுக் கொக்கி வைத்து ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தபோது முஸெய்யன் அவர்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர்கள் கோப்பையை வாயில் வைத்துத் தலையை நிமிர்த்திய நேரத்தில், அதுவரை துணியில் சுற்றி எடுத்துவைத்திருந்த கொடியைக் குழிக்குள் போட்டுவிட்டாள். அதன்மேல் ஈயம் ஊற்றப்பட்டது.

விஷயம் முதலில் தெரிந்தது பள்ளிக்கூடச் சுற்றுலாவில். எடிர்னேயின் பெரிய பள்ளிவாசலைப் பார்க்கக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போன வண்டியிலிருந்து ரிஃப்கி மட்டும் சாலையில் நின்றான். கையில் அம்மா கட்டிக்கொடுத்த கத்திரிக்காய்ப் பொட்டலம் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து எடிர்னேக்குப் போகவும் அந்த மேட்டைத்தான் ஏற வேண்டும். மற்ற திசைகளில் வயல்வரப்பு வழியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். எங்கும் அதே கதைதான், மினாராவின் நுனிப் பிறை மறையும் இடத்தில் பையன் கண்ணாடிச் சுவரில் முட்டிய குருவி மாதிரி நின்றான். ராணுவத்துக்கு அவனை லாரியில் ஏற்றியபோதும் அப்படியே. அதிகாரி மூன்று முறை லாரியைத் திருப்பினார், பிறகு சலித்துப்போய், ஊர்க் காவல் நிலையத்திலேயே துப்பாக்கியைக் கொடுத்து நிற்கவைத்தார். தேநீர்க் கடையில் பையன்கள் அவனைச் சீண்டுவார்கள், இஸ்தான்புல்லுக்குப் போகிறோம், உனக்கு என்ன வாங்கிவர, ஒரு ஊர் வாங்கிவரவா என்று. அவனும் சிரிப்பான். அந்த வயதில் அது அவனுக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை, சூரியகாந்தி வயலும் நாரையும் பழக்கமான முகங்களுமே உலகத்துக்குப் போதும் என்றிருந்தான்.

கடைசியில் பள்ளிவாசலிலேயே வேலைக்குச் சேர்ந்தான். விரிப்புகளைத் தட்டுவது, தொழுமுன் கை கால் கழுவி ஒளு செய்யும் குழாய்களைத் துடைப்பது, வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது. வருகிற பெண்களுக்குத் தலையில் போட முக்காடு எடுத்துக் கொடுப்பான், அரைக்கால் சட்டை போட்டு வந்த ஆண்களுக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ளத் துணி கொடுப்பான். நீலப் பூ ஓடுகளையும், விளக்கு வளையத்தில் சிலந்தி அண்டாமல் இருக்கத் தொங்கவிட்ட தீக்கோழி முட்டைகளையும் காட்டுவான். அவன் தொழுது யாரும் பார்த்ததில்லை. வருகிறவர்கள் எந்த ஊர் என்று மட்டும் கேட்டுக்கொள்வான், அந்த ஊரில் ஆறு உண்டா, கடல் உண்டா என்று விசாரிப்பான்.

இஸ்மிரிலிருந்து சுகாதார நிலையத்துக்கு நர்ஸாக வந்த நுர்தன் அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஊர் சுற்றாத புருஷன் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். பெண் குழந்தை பிறந்தது, பெர்ரின் என்று பெயர் வைத்தார்கள். குழந்தையின் கொடியை நுர்தன் எங்கும் புதைக்க விடவில்லை, மருத்துவமனைக் குப்பையோடு போகட்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். முஸெய்யன் அதற்காக மருமகளோடு ஒரு மாதம் பேசவில்லை.

பெர்ரினுக்கு ஆறு வயதானபோது உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தது. இதயத்தில் ஓட்டை, இஸ்தான்புல்லில்தான் அறுவை சிகிச்சை, அதுவும் ஒன்றில் முடியாது என்றார்கள். நுர்தன் குழந்தையோடு போனாள். ரிஃப்கி மேடு வரை மடியில் வைத்துக்கொண்டு போனான். மினாரா மறைந்ததும் அவன் பின்னால் வந்துவிட்டான், குழந்தை அவனுடைய மடி இருந்த உயரத்திலிருந்து இருக்கையில் தொப்பென்று விழுந்தாள். அவள் அழவில்லை, பின்கண்ணாடியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே போனாள் என்று நுர்தன் பிறகு சொன்னாள். அன்றைக்கு ரிஃப்கி மேட்டிலிருந்து வீடு வரை நடந்தே வந்தான், வந்து தாயின் முன்னால் உட்கார்ந்தான். அதுவரை அவன் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தானோ என்னவோ.

"என் கொடிய எங்க வெச்ச?"

"பள்ளிவாசல்லதான்டா வெச்சேன்."

"தோட்டத்துலயா? எந்தச் செடி?"

"செடிக்குக் கீழ இல்ல. மினாரா அடிக்கல்லுல. ஈயம் ஊத்தறதுக்கு முன்னாடி."

"என்ன வேண்டிக்கிட்டு வெச்ச?"

முஸெய்யன் முக்காட்டு நுனியைக் கடித்தாள். "எல்லாரும் பிள்ள தொழுகையாளியா வரணும்னு வேண்டுவாங்க. நான் அத வேண்டல. உங்கப்பன் போன மாதிரி நீயும் போயிடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். என் கண்ணுக்குள்ளயே கெடக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

"அப்ப நீ கேட்டது கெடச்சிடுச்சும்மா" என்றான் ரிஃப்கி. அதன் பிறகு அவன் அவளிடம் பேசவில்லை.

அவன் நேராக ஷாகிர் ஹோஜாவிடம் போனான். ஷாகிர் ஹோஜா எங்கள் இமாம், கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் நாரைப் பள்ளியைத் தன் மனைவியின் சீதனம் மாதிரி பொத்திப் பொத்தி வைத்திருப்பவர். அந்தக் கொக்கிதான் மினாராவைத் தாங்குகிறது, அதைத் தளர்த்தினால் மினாரா குவிமாடத்தின்மேல் சாயும், தொழுகிற ஜமாஅத் அடியில் மாட்டிக்கொள்ளும் என்றார். அவருக்கு இதை யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவர் சொன்னதும் ஊர் நம்பிவிட்டது. ரிஃப்கி மேலிடத்துக்கு மனுப் போட்டான். தலைநகரிலிருந்து பழைய கட்டட நிபுணர்கள் நான்கு பேர் பள்ளிவாசலைப் பார்வையிட வந்தார்கள். ஷாகிர் ஹோஜா அவர்களுக்கு வறுத்த ஈரலும் தயிரும் வைத்து உபசரித்தார். அவர்கள் ஓடுகளை ரசித்தார்கள், எதிரொலியைக் கைதட்டிக் கேட்டுப் பார்த்தார்கள், நாரைக் கூட்டைப் படம் எடுத்தார்கள். ரிஃப்கி காலில் போடும் உறையும் கையுமாக அவர்கள் பின்னாலேயே நடந்தான். கடைசியில் மூத்த நிபுணர் அவன் தோளில் கை போட்டார்.

"தம்பி, எனக்கும் புள்ள இருக்கு, புரியாம இல்ல. ஒவ்வொருத்தர் தொப்புளுக்கும் ஒவ்வொரு கல்லா உருவிட்டே போனா நாட்டுல ஒரு மினாராவும் நிக்காது."

முதல் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இரண்டாவதுக்கு நாள் குறித்த வாரத்தில் ரிஃப்கி உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் மினாராவின் அடியில் உட்கார்ந்தான். இரண்டு அடி அடித்திருப்பான், நாரைகள் பறந்தன, ஆட்கள் ஓடிவந்தார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினான் என்று காவல் நிலையத்தில் உட்காரவைத்தார்கள், அவன் முன்பு துப்பாக்கியோடு நின்ற அதே நிலையம். அவனுக்குத் தேநீர் எல்லாம் கொடுத்தார்கள், மரியாதையாகத்தான் வைத்திருந்தார்கள். நுர்தனின் தொலைபேசி அழைப்பு அங்கேதான் வந்தது.

"ரிஃப்கி, உள்ள கூட்டிட்டுப் போறப்ப கேட்டா. அப்பா எங்கன்னு. மேட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறாருன்னு சொன்னேன்." பிறகு மூச்சு மட்டும் கேட்டது. ரிஃப்கிக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. "அவள நான் அங்க கொண்டு வர மாட்டேன். அந்த ஊர் மண்ணுல இனி எதையும் பொதைக்க விட மாட்டேன்" என்றாள்.

பெர்ரினை இஸ்தான்புல்லில் சைப்ரஸ் மரங்கள் நிறைந்த ஒரு மையவாடியில் அடக்கம் செய்தார்கள். தகப்பன் போகவில்லை. நுர்தன் அங்கேயே மாற்றல் வாங்கிக்கொண்டாள். ரிஃப்கி மேட்டின் உச்சிக்குப் போய் நின்று பார்ப்பான், அங்கிருந்து தெரிவது அடுத்த சூரியகாந்தி வயல்தான். இப்படிப் பதினான்கு அறுவடை போனது. அவன் கதவு திறந்தான், விரிப்பு தட்டினான், வந்தவர்களிடம் எந்த ஊர் என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டான். யாராவது இஸ்தான்புல் என்று தாமாகச் சொன்னால் ஒளுக் குழாய்ப் பக்கம் போய்விடுவான்.

தாயும் மகனும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவன் அவளுக்குச் சூப் வைத்தான், அவளுடைய துணியைத் துவைத்தான், முழங்கால் வலிக்கு மருந்து தேய்த்துவிட்டான், ஒரு வார்த்தை பேசவில்லை. முஸெய்யன் தினமும் நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் மினாராவின் அடியில் போய் உட்கார்ந்து, பின்னல் ஊசியால் அந்த ஈயத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். ஈயத்தில் ஒரு கோடுகூட விழவில்லை, ஊசிதான் வளைந்தது, நகம்தான் போயிற்று. ஷாகிர் ஹோஜா முதலில் அதட்டினார், பிறகு கிழவி என்ன செய்துவிடப் போகிறாள் என்று விட்டுவிட்டார். பள்ளிவாசலைப் பார்க்க வந்தவர்கள் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்கள். அவளைப் படம் எடுத்தார்கள், அவள் எழுந்து போன பிறகு தாங்களும் அந்தக் கல்லைத் தடவி, பிள்ளை வரம் கேட்டார்கள், விசா கேட்டார்கள். பேருந்து பேருந்தாக வந்து தடவியதில் கல் எண்ணெய் பூசின மாதிரி வழவழத்துப் போனது. ரிஃப்கி அவர்களுக்கு முக்காடு எடுத்துக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். தாயைத் தடுக்கவும் இல்லை, கூட உட்கார்ந்து சுரண்டவும் இல்லை.

முஸெய்யன் ஒரு கோடையில், சூரியகாந்தி தலை கவிழ்ந்திருந்த நேரத்தில் இறந்தாள். நாரைப் பள்ளி முற்றத்தின் கல்மேடையில் சவப்பெட்டியை வைத்தார்கள். ஷாகிர் ஹோஜா வழக்கம்போல, இந்த மய்யித்தின்மேல் உங்களுக்கு உள்ள உரிமைகளை மன்னித்து ஹலாலாக்கிவிட்டீர்களா என்று மூன்று முறை கேட்டார். ஹலாலாக்கிவிட்டோம் என்று மூன்று முறையும் ஊர் சத்தமாகச் சொன்னது. முன்வரிசையில் நின்ற ரிஃப்கியின் வாய் மூன்று முறையும் திறக்கவில்லை. எல்லோரும் பார்த்தார்கள்.

ஊருக்குள் இருந்த மையவாடி நிரம்பிவிட்டதால் நகராட்சி புதியதை மேட்டுக்கு அந்தப் பக்கம் போட்டிருந்தது. முடிந்த வரைக்கும் கூட வருகிறேன் என்று ரிஃப்கி மய்யித்து வண்டியில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மேட்டில் மினாரா மறைந்ததும் அவன் வழக்கம்போலப் பின்கதவு வழியாக வெளியே வந்தான். கூடவே பெட்டியும் வந்தது. இரண்டு பேரும் சாலையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். அவன் பிடித்து இழுத்துவிட்டான் என்று முதலில் நினைத்தார்கள். அவனை ஓரமாக நிற்கவைத்துவிட்டு, பெட்டியை வண்டியின் தளத்தோடு கயிற்றால் கட்டி மறுபடி போனார்கள். கயிறு போனது, பெட்டி திரும்பி வந்தது. கொடிக்கு ஒரு முனை பிள்ளையிடம் என்றால் மறுமுனை தாயிடம்தானே இருக்கும் என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அவன் பிறந்ததிலிருந்து முஸெய்யன் ஒரு கல்யாணத்துக்குக்கூட வெளியூர் போனதில்லை. மாட்டைச் சாக்கு சொல்வாள், முழங்காலைச் சாக்கு சொல்வாள். அவளுக்குத் தெரிந்திருந்ததா, அவளும் ஒரு நாள் மேட்டிலிருந்து நடந்தே திரும்பினாளா என்பதை இனி யாரிடம் கேட்பது.

கொளுத்தும் வெயில். மய்யித்தைக் காக்கவைக்கக் கூடாது, பெட்டியோ முற்றத்துக் கல்லுக்கே திரும்பி வந்துவிட்டது. ஷாகிர் ஹோஜா வியர்வையைத் துடைத்தார், மினாராவை அண்ணாந்து பார்த்தார், யாரிடமும் அனுமதி கேட்காமல் டிராக்டர் பட்டறை வெல்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். வெல்டர் கேஸ் விளக்கை ஈயத்தில் காட்டினார். ஈயம் உருகித் தரையில் ஒழுகியது, கொக்கி தளர்ந்தது. இடுக்கியை உள்ளே விட்டு எடுத்தபோது, துணி எரிந்து போயிருந்தது, கொடி அன்றைக்கு அறுத்த மாதிரி ஈரமாகவும் சூடாகவும் இருந்தது. ஒரு தேநீர் குடித்து முடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும். மினாரா அசையவில்லை. கூட்டில் இருந்த நாரைகூட எழுந்து பார்க்கவில்லை.

ரிஃப்கி அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவ்வளவுதானா ஹோஜா?" என்று கேட்டான்.

ஷாகிர் ஹோஜா வாசலில் வரிசையாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் இரண்டு வருடம் உயிரோடு இருந்தார், ஆனால் அன்றோடு இமாமாகத் தொழவைப்பதை விட்டுவிட்டார், கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நின்று தொழுதுவிட்டுப் போய்விடுவார்.

கொடியைத் தாயோடு சேர்த்து அடக்கிவிடுவதுதான் முறை என்று பெரியவர்கள் சொன்னார்கள். ரிஃப்கி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இந்த முறை வண்டி மேட்டைத் தாண்டியது, பெட்டியும் தாண்டியது, அவனும் தாண்டினான். நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக அந்தப் பக்கத்தைப் பார்த்தான். கபர்க் குழியில் மண் தள்ளினான், கையை உதறினான், வீட்டுக்குத் திரும்பாமல் சாலைக்கு வந்து இஸ்தான்புல் பேருந்தை நிறுத்தி ஏறிக்கொண்டான். மறுநாள் காலையில் பெர்ரினின் சின்னக் கபரின் தலைமாட்டில் கையாலேயே தோண்டி, கொடியை அதற்குள் வைத்து மூடினான். என்ன வேண்டிக்கொண்டான் என்பதை யாரும் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அதே காலையில் எங்கள் புதிய மையவாடியில் முஸெய்யனின் கபர் உள்வாங்கித் தரைமட்டமானது. குழி வெட்டுகிறவன் தோண்டிப் பார்த்தான், பெட்டிப் பலகை இருந்தது, அவள் இல்லை. இஸ்தான்புல்லில் பெர்ரினுக்குப் பக்கத்தில் நேற்று இல்லாத ஒரு மேடு இருந்தது, மண் இன்னும் ஈரமாக. அங்கே காவல்காரர் ஒரு பலகையை நட்டு, பெயர் என்ன என்று ரிஃப்கியிடம் கேட்டு அதில் எழுதினார். வெள்ளிக்கிழமை வந்த நுர்தன் புது மேட்டைப் பார்த்தாள், பலகையைப் படித்தாள், தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ரிஃப்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு மினாராவை ரொம்ப தூரத்திலிருந்து பார்க்க முடியும், ஒரு குழந்தையின் கபரைப் பார்க்க முடியாது. ரிஃப்கியின் உலகம் இப்போது சைப்ரஸ் வரிசையிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும்தான். கல் செதுக்குகிறவரின் கொட்டகையில் தூங்குகிறான், மற்ற கபர்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் விடுகிறான், யாரும் அவனை ஏன் என்று கேட்பதில்லை. எங்கள் ஊரிலிருந்து போகிறவர்கள் வெள்ளைப் பாலாடைக்கட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறோம். ஊருக்கு வரச்சொல்லிக் கூப்பிடும் பழக்கம் நின்றுபோய்விட்டது. காலையில் முதல் வாளித் தண்ணீரைச் சின்ன மேட்டுக்கு ஊற்றுகிறான். மிச்சம் இருந்தால் பெரிய மேட்டுக்கு என்று சொல்லிக்கொள்கிறான். மிச்சம் வருகிற மாதிரிதான் ஊற்றுகிறான்.